கஜு போட்ட பெஸ்டோ

பதினாறு வருடம் இத்தாலியில், பலெர்மோவில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். கூட்டினேன், தோய்த்தேன், சமைத்தேன், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். வீட்டுக்காரி வாரத்துக்கு இரண்டு தரம் பெஸ்டோ கேட்பாள், துளசி மாதிரி ஒரு இலையை எண்ணெயும் சீஸும் பைன் விதையும் சேர்த்து இடித்துப் பாஸ்தாவில் பிரட்டுகிற பச்சைச் சம்பல். போத்தலில் விற்பதை வாங்கி வைத்தால் மூக்கைச் சுளிப்பாள். அதனால் உரலில் இடிக்கப் பழகினேன். இன்றைக்கு நான் நன்றாகச் செய்கிற ஒரே சாப்பாடு அதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு விடுவது என்பதே மறந்துபோய்விட்டது.

நான் போகும்போது என் மகளுக்கு நாலு வயது. கடலுக்குப் போன அவளுடைய தகப்பன் திரும்பி வரவில்லை. பிள்ளையை அக்காவிடம் விட்டு, இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இடையில் இரண்டு தரம் லீவில் வந்தேன். இரண்டு தரமும் அவள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஒரேயடியாகக் குருநகருக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. அக்காவை அம்மா என்றாள். என்னை இத்தாலியம்மா என்றாள்.

இந்த வருடம் அவளுக்குச் சாவகச்சேரியில் மாப்பிள்ளை சரிவந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் தாய் வீட்டில் இருந்துதான் கோயிலுக்கு வெளிக்கிட வேண்டும். வாசலில் தாய் அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாள். அக்காவின் வீடு இரண்டு அறை. என்னுடையது அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி, மாடி வீடு. அவள் என் வாசலில் இருந்து வெளிக்கிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு பின்னேரம் சாப்பிட வா என்றேன்.

"என்ன சமைக்கிறியள்?"

"பாஸ்தா."

"ஓம், வாறன்."

பெஸ்டோவுக்கு வேண்டிய அந்த இலை இங்கே கடையில் கிடையாது. முதலில் பக்கத்து வீட்டுத் துளசியில் செய்து பார்த்தேன். இருமல் மருந்து மாதிரி இருந்தது, கொட்டினேன். பிறகு சர்பத்தில் ஊறவைத்துப் போடுகிற கறுப்பு விதை, இங்கே கசகசா என்பார்கள், அதை வாங்கி வளவில் ஒரு பாத்தி போட்டேன். முளைத்தது. அந்த இலைதான், கொஞ்சம் பெருஞ்சீரக வாசம், பரவாயில்லை. சீஸும் ஒலிவ் எண்ணெயும் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினேன். பைன் விதைக்கு எங்கே போவது? இங்கே கஜு இருக்கிறது, முந்திரிப்பருப்பு. ஒரு பிடி வறுத்து ஆற வைத்தேன்.

இலையை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அக்கா வந்து குசினி வாசலில் நின்றாள்.

"என்னடி, ஆட்டுக்குக் குழை ஒடிச்சு வச்சிருக்கிறாய்?"

"உன்ரை மகளுக்குத்தான்."

"என்ரையோ? உன்ரை மகளுக்கெண்டு சொல்லு," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிக்காமல் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். உள்ளே வராமலே போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு மகள் வந்தாள். ஸ்பகெட்டியை வடித்து, பெஸ்டோவைப் போட்டுப் பிரட்டி, கோப்பையில் வைத்துக் கொடுத்தேன். முள்ளுக்கரண்டியால் சுற்றினாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மோந்து பார்த்தாள்.

"இதுக்கை கஜு போட்டனீங்களோ?"

"ஓம். ஏன்?"

"எனக்கு அது கூடாது. தொண்டை வீங்கும்."

"எப்ப தொடக்கம்?"

"ஆறு வயசிலை. நாலு நாள் ஆஸ்பத்திரியிலை வச்சிருந்தவை. ஒழுங்கையிலை எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. "அம்மா ஆஸ்பத்திரியிலை நிண்டு உங்களுக்குப் போன் எடுத்தவ. பாஸ்தா அவியுது, பிறகு எடுக்கிறன் எண்டு வச்சிட்டியளாம்."

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் இல்லை. அந்த வீட்டில் பாஸ்தா ஒரு நிமிடம் கூடுதலாக அவிந்தால் பிள்ளைகள் கோப்பையைத் தள்ளிவிடுவார்கள், தாய் என்னைப் பார்ப்பாள். அக்காவின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. அதுவும் நினைவிருக்கிறது. ஒரு கிழமை கழித்து எடுத்தேன். இப்ப சுகம் என்றாள் அக்கா. என்ன வருத்தம் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் மூத்தவனுக்கு எந்த மருந்து ஒத்துவராது என்று கேளுங்கள், இப்போதும் சொல்லுவேன்.

வேறு ஸ்பகெட்டி அவித்துத் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பசிக்கும் என்றேன். வீட்டில் புட்டு இருக்கிறது என்றாள். எழும்பியவள் யன்னலால் வளவை எட்டிப் பார்த்தாள்.

"நல்ல பெரிய வளவு. கலியாணச் சமையலை இஞ்சை வைப்பமோ எண்டு அம்மா கேக்கச் சொன்னவ. அங்கை கிடாரம் வைக்க இடம் காணாது."

"நீ எங்கையிருந்து வெளிக்கிடுவாய்?" என்று கேட்டுவிட்டேன்.

கேள்வி விளங்காதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "வீட்டிலை இருந்துதான்."

எந்த வீடு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"சமையலை இஞ்சை வைக்கலாமோ?"

"ஓம்," என்றேன்.

அவள் போன பிறகு என் கோப்பையில் இருந்ததைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. மிச்சம் சட்டியிலேயே கறுத்துப்போனது.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கச் சமையல்காரர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். காற்றுக்கு மறைவான இடம் கசகசாப் பாத்தி இருக்கிற மூலைதான், அங்கே அடுப்பு வெட்டவேண்டும், பரவாயில்லையா என்றார். வெட்டச் சொன்னேன்.