முப்பத்தேழாவது அழைப்பு

அட்மிஷன் அறையில் அவளைத் தேன்குரல் என்றுதான் கூப்பிடுவார்கள். "இந்தம்மா பேசினா கல்லுகூட எழுந்து வந்து நம்ம காலேஜ்ல சேர்ந்துடும்" என்று தாளாளர் ஒரு கூட்டத்தில் சொல்லப்போக, எல்லோரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. சிரித்தவர்களோடு அவளும் சிரித்து வைத்தாள்.

வேலை இதுதான்: பரீட்சை முடிவு வந்த மறுநாளிலிருந்து ஒரு லிஸ்ட் கொடுப்பார்கள். பிள்ளையின் பெயர், மார்க், அம்மா அல்லது அப்பாவின் பெயர், போன் நம்பர். ஒரு நாளைக்கு எண்பது வீடு. "வணக்கம்மா, பொண்ணு நல்ல மார்க் வாங்கியிருக்காங்க, வாழ்த்துகள். எந்தக் காலேஜ்னு முடிவு பண்ணிட்டீங்களா?" வாய் அது பாட்டுக்குப் பேசும். கண் எதிர்ச்சுவரின் ஸ்விட்ச் போர்டிலேயே இருக்கும். முதல் வருஷம், தயங்கித் தயங்கிப் பேசிய அப்பாக்களை நினைத்து அவளுக்குச் சோறு இறங்காமல் போனதுண்டு. மூன்றாவது வருஷத்தில் போனை வைத்த அடுத்த நொடியே மறந்துபோனது. வீட்டில் கணவர் ஏதாவது கேட்டால்கூட, "கண்டிப்பா, சொல்லுங்க சார்" என்று பதில் வந்தது. அவர் முதலில் கேலி செய்தார். அப்புறம் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் லிஸ்டில் முப்பத்தேழாவது வரியில் தங்கையின் பெயர் இருந்தது. பக்கத்தில் தங்கை மகளின் பெயரும் மார்க்கும். கேட்டிருந்த படிப்பு லேப் டெக்னாலஜி.

தங்கையோடு பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் காரியத்தன்று வந்த வாய்ச்சண்டையோடு பேச்சு நின்றது. ஆனால் கசப்பு அதற்கும் முந்தியது. தங்கை பள்ளிக்கூடம் முடித்த வருஷம், அப்பா இவளைத் தனியே கூப்பிட்டு, "நீதான் காலேஜ் படிச்சவ. சொல்லு, இவளும் படிச்சுக் கரையேறுவாளா?" என்று கேட்டார். இவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. எதையோ தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "அவளுக்குப் படிப்பு வராதுப்பா" என்றாள். அவ்வளவுதான். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அடுத்த தை மாதம் என்று சொல்லித் தங்கைக்குக் கல்யாண நாள் குறித்தார்கள். அதற்கும் முன்னாலேயே முடித்தும்விட்டார்கள்.

அந்த வரியைப் பக்கத்து மேஜைக்காரியிடம் தள்ளியிருக்கலாம். ஏன் தள்ளவில்லை என்று பிற்பாடு எத்தனை தடவை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. முப்பத்தாறு முடிந்தது, விரல் முப்பத்தேழை அழுத்தியது.

"வணக்கம்மா, பொண்ணு நல்ல மார்க்..."

"அக்காவா?"

எதிர்முனையில் மிக்ஸி ஓடி நின்றது.

"ம்... நான்தான்."

"நீ அங்கயா வேலை பார்க்குற?" தங்கையின் குரலில் கோபம் இல்லை. களைத்த குரல். "சரி, நல்லதாப் போச்சு. ரெண்டு காலேஜ் பார்த்து வச்சிருக்கோம். உங்களுது வீட்டுக்குப் பக்கம். இன்னொண்ணு ரெண்டு பஸ் மாறணும். எதுல சேர்க்கலாம்? அக்காவாச் சொல்லு."

மேஜையில் ஒட்டியிருந்த தாளில் இதற்கும் பதில் இருந்தது. தூரம் என்று சொன்னால் என்ன பேசவேண்டும், பக்கம் என்று சொன்னால் என்ன பேசவேண்டும், எல்லாம் வரிசையாக. லேப் டெக்னாலஜி துறையில் இருந்த இரண்டு ஆசிரியர்களும் மார்கழியிலேயே போய்விட்டார்கள் என்பது அதில் இல்லை. கீழ்த்தளத்து லேப் பூட்டிக் கிடந்தது. புது மைக்ராஸ்கோப்புகள் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பெற்றோர் வந்தால் வேறு துறையின் லேப்பைத்தான் சுற்றிக்காட்டுவார்கள். பேசுவது எல்லாம் பதிவாகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இங்க வேண்டாம்" என்றாள். "ரெண்டு பஸ் மாறினாலும் பரவாயில்ல. அங்கயே சேர்த்துடு."

"ஏன்?"

"சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. லேப் பூட்டியிருக்கு."

தங்கை மெதுவாகச் சிரித்தாள்.

"ஆயிரம் பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்க்குற. என் பொண்ணுன்னா மட்டும் வேண்டாமா? எனக்கு வராதுன்னு அன்னிக்குச் சொன்ன, கேட்டுக்கிட்டேன். இப்போ இவளுக்குமா?"

"அப்படி இல்லடி..."

போன் வைக்கப்பட்டது. குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், "யோசிக்கிறாங்க" என்று எழுதிவிட்டு முப்பத்தெட்டுக்குப் போனாள்.

வேலை போய்விடும் என்று ஒரு வாரம் எதிர்பார்த்தாள். பயமாக இல்லை, மழை வருமா வராதா என்பதுபோலத்தான் இருந்தது. எட்டாம் நாள் சூப்பர்வைசர் சிரித்த முகமாக வந்தார். "முப்பத்தேழு சேர்ந்தாச்சும்மா. நீங்க பேசி வச்சதுதான்." சேராதவர்களிடம் பேசியதைத்தான் அங்கே போட்டுக் கேட்பார்கள். சேர்ந்தவர்களிடம் என்ன பேசினாள் என்று யாருக்கு என்ன கவலை? அவள் பெயருக்கு நேராக ஒரு டிக் விழுந்தது. நன்றி என்று சொன்னாள்.

தங்கை மகள் ஒரு வருஷம் அங்கே இருந்தாள். மாடிப்படியில் எதிரே வந்தால், "பெரியம்மா" என்று சொல்லி ஒதுங்கிப் போவாள். ஆசிரியர் வந்தார், போனார், மறுபடி ஒருவர் வந்தார். வருஷக் கடைசியில் பெண் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ரெண்டு பஸ் மாறும் அந்தக் காலேஜிலேயே முதல் வருஷத்தில் திரும்பவும் சேரப்போவதாகச் சொன்னாள்.

தேன்குரல் அவளோடு பஸ் நிறுத்தம் வரை போனாள். பெண்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நீங்க அன்னிக்கு அம்மாகிட்டப் பேசினப்போ ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க பெரியம்மா. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

"அப்போ நீயாவது அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"என்னை இங்க சேர்த்தது அம்மா இல்ல. நான்தான் அடம்பிடிச்சு வந்தேன்." சான்றிதழ் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "நீங்க வேண்டாம்னு சொன்ன இடம்னா அதுலதான் படிச்சுக் காட்டணும்னு தோணுச்சு. அம்மாவுக்காக."

"அம்மா இப்போ என்ன சொல்றா?"

"உங்களைப் பத்தியா? ஒண்ணும் சொல்லலை."

பஸ் வந்தது. பெண் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கையைக் கொஞ்சமாகத் தூக்கினாள். இவளும் தூக்கினாள். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரட்டும் என்றுகூட இடம் கொடுத்துப் பார்த்தாள். வரவில்லை. பசித்தது. எதிர்க்கடைக்குப் போய் ஒரு வாழைப்பழம் வாங்கி, நின்றபடியே தின்று முடித்தாள்.