பதினேழாம் சோடி

வினாயகமூர்த்தி 1951 இல் ஆரையம்பதியில் பிறந்தார். 1978 முதல் மட்டக்களப்பு நகரில் எங்கள் தொலைபேசி அலுவலகத்தில் கம்பி வேலை பார்த்தார். அங்கே பதிவேடுகள் என் பொறுப்பு.

கல்லடிப் பாலத்துக்கு அப்பால் வீதியோரம் ஓர் இரும்புப் பெட்டி நின்றது. நகரிலிருந்து வரும் கம்பிகள் அதில் சோடி சோடியாகப் பிரிந்து வீடுகளுக்குப் போகும். எந்தச் சோடி யாருடையது என்று ஓர் அட்டையில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுவது எங்கள் வழக்கம். 2004 டிசம்பர் 26 இல் கடல் அந்த அட்டையைக் கொண்டுபோனது. பூட்டையும் உப்பு தின்றது. 2005 மார்ச்சில் அவர் புதிய அட்டையில், பதிவேட்டைப் பார்க்காமல், நூறு சோடிகளையும் நினைவிலிருந்தே எழுதினார். ஒரு வரியையும் வெறுமையாக விடவேண்டாம் என்றவன் நான். பதினேழுக்கு எதிரே ‘இராணுவ முகாம்’ என்று எழுதினார். அப்போது சண்டை ஓய்ந்திருந்த காலம்.

2007 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. அவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து நின்றனர்.

“அண்ணன், காம்ப் லைன் எது?”

“தெரியா தம்பி. அதெல்லாம் நமக்குச் சொல்ல மாட்டாங்க.”

“பரவாயில்ல. பெட்டிக்குள்ள எழுதியிருக்குமாமே.”

எந்தப் பக்கத்தார் என்று அவர் கேட்கவில்லை. அந்நாட்களில் யாரும் கேட்பதில்லை. அந்தச் சோடியில் ஒரு தொலைபேசியைக் கொழுவினால் முகாம் பேசுவதெல்லாம் கேட்கும். பிறகு ஏதும் நடந்தால் இராணுவம் அட்டையைப் பார்க்கும். கையெழுத்து அவருடையது. அட்டையைக் கிழித்தால் வந்தவர்கள் விடமாட்டார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பதினேழின் முனையையும் நாற்பத்து மூன்றின் முனையையும் இடம் மாற்றினார். நாற்பத்து மூன்று, மீனுக்கு ஐஸ் விற்கும் சரீப்பின் கடை. பெட்டியிலும் அப்படியே மாற்றினால் முகாம் நாற்பத்து மூன்றில் பேசும். அட்டை பொய்யாகிவிடும். பெட்டியில் மாற்றும்வரை முகாமின் அழைப்புகள் சரீப்பிடமும், சரீப்பின் அழைப்புகள் முகாமுக்கும் போகும். பெட்டிக்குச் சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம் என்று கணக்கிட்டிருந்தார்.

பாலத்தில் இராணுவத்தினர் மறித்து நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தான்.

“எங்க போறது?”

“போன் பழுது, சேர்.”

“எங்க காம்ப் போனும் பழுது. எடுத்தா ஒருத்தன் ஐஸ் கேக்கிறான்!”

“அதையும் பாக்கிறன், சேர்.”

கொட்டிய குறடுகளை அந்தச் சிப்பாயே பொறுக்கிப் பைக்குள் போட்டான். பெட்டியிலும் இரண்டையும் மாற்றிவிட்டே திரும்பியதாக அவர் பின்னர் என்னிடம் சொன்னார்.

பெப்ரவரியில் மோட்டார் சைக்கிள் மறுபடி வந்தது.

“என்ன அண்ணன், ஆமிக்காரன் மீன் யாவாரமும் செய்யிறானோ? விடிஞ்சா ஐஸ் கதைதான் கேக்குது.”

அவருடைய மனைவி அன்னப்பூரணி முன்னால் வந்தார்.

“கடல் கொண்டுபோன அட்டைய இவர் நினைவில எழுதினவர் தம்பி. குடிச்ச தேத்தண்ணிய மறந்துபோட்டு மறுகாவும் கேக்கிற மனுசன். இவர்ர நினைவ நம்பி வந்தீங்களே!”

ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை.

“நினைவு வந்தா நல்லம் அக்கா. நாங்க திரும்பி வாறம்.”

அதன் பிறகு வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் கை சோற்றிலேயே நின்றுவிடும். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஜூனில் நான் பதிவேட்டைத் திறந்துகொண்டு கேட்டேன்.

“இப்ப பதினேழத் திருத்துவமா, மூர்த்தி?”

“வேணாம். வாறம் எண்டுபோட்டுப் போனவங்க இன்னும் வரல்ல.”

அவர் 2012 ஆகஸ்ட் 3 இல் காலமானார். அந்தப் பெட்டியை 2016 இல் கழற்றினார்கள். அட்டை என் கைக்கு வந்த பிறகே பதிவேட்டில் பதினேழாம் வரியைத் திருத்தினேன்.