சந்தனம் படாத துப்பாக்கி

பெரியப்பா வீட்டு வரவேற்பறைச் சுவர்தான் முதலில் கண்முன் வருகிறது. பழைய பட்டாளத் துப்பாக்கிகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றின் கீழும் சேகரித்தவர் என்று அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. அவற்றில் ஒன்று என் அப்பாவுடையது. அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பெரியப்பா என்றால் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், டெல்லியில் மத்திய அரசில் பெரிய அதிகாரி. அப்பா பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு மார்ட்டினி ஹென்றி என்ற பழைய வெள்ளைக்காரப் பட்டாளத் துப்பாக்கி ஒன்றைத் துருப்பிடித்த இரும்பாக ஏலத்தில் எடுத்து, முனிர்காவில் எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து உயிர் கொடுத்தார். எழுபதுகளின் கடைசியில் அவர் இறந்தார். காரியம் முடிந்த கையோடு பெரியப்பா வந்து, விதவைக்கு லைசென்ஸ் தரமாட்டார்கள், போலீஸ் வந்தால் வம்பு என்று பயமுறுத்தி அதை எடுத்துப்போனார். பச்சைப் பொய். அம்மா திருப்பிக் கேட்டபோதெல்லாம் "அச்சா, பாக்கலாம்" என்பார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். துக்க வீட்டார் பூஜையில் நிற்கக் கூடாதாம், அடுப்படியில் நிற்கலாமாம்! எண்ணெய் இருந்தால் சந்தனம் ஒட்டாது என்று பெரியப்பா ஒவ்வொரு குழலையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா துப்பாக்கியின் மரக்கட்டையில்தான் பொட்டு வைப்பார், இரும்பில் வைக்கவே மாட்டார். எண்ணெய் போன இரும்பை ஈரச் சந்தனம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளிவிட்டுப் பெரியப்பாவிடம் சொன்னாள்.

"அவரோடத மட்டும் பூஜையில வைக்க வேணாம் மாமா. இன்னும் தலைத்திவசம் ஆகல."

சாத்திரத்துக்குப் பயந்தவர், அதை மட்டும் எண்ணெயோடு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். மறுநாள் அவசர டூர். பூஜையில் வைத்ததை யாரும் தொடக் கூடாது என்று அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் திரும்பிய அன்றே, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சிலர் சேகரிப்பைப் பார்க்க வந்தார்கள். விருந்துச் சமையலுக்கு எங்களை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். சந்தனத்தைத் துடைத்தால், பொட்டு வைத்த இடமெல்லாம் துரு அரித்த குழி. வந்தவர்களில் மூத்தவரான பிரிகேடியர், இந்த ஆளிடம் பொம்மைத் துப்பாக்கிகூடக் கொடுக்கக் கூடாது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். அலமாரியிலிருந்து அப்பாவுடையதை எடுத்ததும் சிரிப்பு நின்றது. யார் கைவேலை என்று கேட்டார். அடுப்படி வாசலிலிருந்து அம்மா, என் வீட்டுக்காரர் என்றாள். லைசென்ஸ் கதையையும் சொன்னாள். வாரிசுக்குத் தாராளமாகக் கிடைக்கும், நான் ஆகவேண்டியதைப் பார்க்கிறேன் என்றார் பிரிகேடியர். பெரியப்பா முகம் செத்துப்போயிற்று. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது.

லைசென்ஸ் வந்ததும், வந்து எடுத்துப்போகும்படி பெரியப்பா சொல்லியனுப்பினார். எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து வைக்கட்டும் என்று அம்மா பதில் அனுப்பினாள்.

பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. டெல்லி துவாரகாவில் என் வீட்டுக்கு வரும் சொந்தங்கள், செத்தவர்மேல் என்ன வன்மம் என்கிறார்கள். இருக்கிறது. எனக்கு வேண்டியிருக்கிறது.

அன்று மே மாத வெயிலில், கார் நுழையாத முனிர்கா சந்தில், துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பெரியப்பா நடந்தே வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

"குழாய் தெருமுனையில இருக்கு மாமா" என்றாள் அம்மா.