ஃப்ரீசரில் வைத்த பீட்ரூட்

எங்கள் பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவரைப் பிள்ளைகள் 'கழுவல் அண்ணன்' என்பார்கள். சோதனைக் குழாய்களை மூன்று தரம் கழுவுவார். அதற்கப்புறமும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கொழுப்பு இருக்கிறதா என்று அறிய, பொருளை ஆல்கஹாலில் குலுக்கித் தண்ணீரில் ஊற்றுவோம். பால் மாதிரி வெளுத்தால் கொழுப்பு உண்டு. குழாயில் துளி சோப்பு மிச்சமிருந்தாலும் கலங்கிப்போய் ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி. "வெறும் தண்ணியில கொழுப்பு இருக்குன்னு எழுதி வெச்சா, யாருக்குக் கொழுப்புன்னு அர்த்தம்?" என்று பிள்ளைகளைக் கேட்பார். குழாயை மட்டுமில்லை, ஆளையும் கழுவி ஊற்றுவார். டீச்சர் என்று பார்த்து என்னையும் விட்டதில்லை.

பதினான்கு வருஷமாக அவர் தற்காலிக ஊழியர். வருஷா வருஷம் அவருடைய கோப்பு மேலே போகும், போன வேகத்தில் திரும்பி வரும். அந்த வருஷம்தான் தலைமையாசிரியரே கூப்பிட்டு, செய்முறைத் தேர்வு முடிந்ததும் நிரந்தர ஆணை கையில் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். கையெழுத்துப் போடுகிற அன்றைக்கென்று வீட்டுக்காரம்மா ஒரு சட்டையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் மனுஷருக்கு வெட்கம் வந்தது.

தேர்வில் பீட்ரூட் சோதனை. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. அது முழுசாக இருக்கிறவரை சிவப்புச் சாயம் உள்ளேயே கிடக்கும். சூடு ஏறினால் சவ்வு குலைந்து, சாயம் தண்ணீரில் கசியும். ஆக, குளிர்ந்த தண்ணீரில் போட்ட துண்டு தண்ணீரைச் சிவக்க வைக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணீரில் போட்டது நன்றாகச் சிவக்க வைக்க வேண்டும். இதைப் பத்து வருஷமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் கிழித்தவள் நான்.

முந்தின நாள் சாயங்காலம் பீட்ரூட் வாங்கி வந்ததும் நான்தான். ஆய்வகக் குளிர்பெட்டியில் கீழ்த்தட்டு நிறைய ஏதேதோ கிண்ணங்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பையை மேலே ஃப்ரீசருக்குள் திணித்துக் கதவைச் சாத்தினேன். உறைந்தால் உள்ளே பனி முள் முள்ளாக வளர்ந்து சவ்வைக் குத்திக் கிழித்துவிடும் என்பதும் பாடத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் புத்தி எங்கே மேயப் போனதோ, தெரியவில்லை.

காலையில் பை கல்லு மாதிரி இருந்தது. யாரும் வருவதற்குள் எடுத்து வெந்நீரில் போட்டு இளக வைத்தேன். துண்டு போடும்போது அண்ணன், "ஏன் டீச்சர் இது இப்படிக் கொழகொழன்னு இருக்கு?" என்றார். கடைக்காரன் பழசைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன். அவர் அடுத்த துண்டைப் போட்டார். வேறு பீட்ரூட் வாங்கி வர அப்போதுகூட நேரமிருந்தது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என்று சும்மா இருந்துவிட்டேன்.

பனிக்குளிரிலிருந்து கொதிக்கிற சூடு வரை வைத்த ஐந்து குழாயும் சிவப்பு. பனிக்கட்டிக்குள் வைத்த குழாய்கூட நல்ல சிவப்பு. கெட்டிக்காரப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தில் இருக்கிற முடிவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு பெண், பேசவே பயப்படுகிறவள், ஐந்திலும் நிறம் ஒன்றுதான் என்று கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளை நிற்க வைத்து, துண்டுகளைக் கழுவாமல் போட்டாயா, கவனம் எங்கே இருந்தது என்று பிடித்துக்கொண்டார். மூன்று தரம் கழுவினேன் சார் என்று அவள் முனகினாள். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, பொருளில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். நான்கே வார்த்தை. எனக்கு நிரந்தர வேலை. மிஞ்சிப் போனால் ஒரு விளக்கக் கடிதத்தோடு போயிருக்கும். ஆனாலும் நாக்கு எழவில்லை. பிள்ளைகள் முன்னால் மானம் போய்விடுமே என்ற பயம்தான். வேறு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் சார் தெரியாம ஃப்ரீசர்ல வெச்சுட்டேன். அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி."

அவளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. பொதுத் தேர்வில் இவ்வளவு அலட்சியமாக இருக்கிற ஆளை எப்படி நிரந்தரமாக்குவது என்று அண்ணனின் கோப்பை மூடிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். கடைசி நாளன்று குழாய்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாவியை என்னிடம்தான் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். அந்த நிமிஷமாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு மாதம் ஓட்டினேன். அதற்குள் அந்த இடத்தில் வேறொருவரை நிரந்தரமாகவே போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. என்ன லட்சணமான துணிச்சல்! அண்ணன் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பதாக விசாரித்துக்கொண்டு போனேன். பின்கட்டு அறையில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"அண்ணே, அந்தப் பைய ஃப்ரீசர்ல வெச்சது நான்தான்."

சீட்டை நேராக ஒட்டி, விரலால் அழுத்தினார்.

"தெரியும் டீச்சர். காலையில நீங்க அதை வெளிய எடுத்தப்போ நான் ஜன்னல் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன். அவர் கேட்டதும் நீங்களே சொல்லிடுவீங்கன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சிடுச்சு."