ஒற்றை ஆளுக்கு வண்டி கிளம்பாது

என் மகள் பட்டம் வாங்கியதற்கு நான் நன்றி சொல்ல வேண்டிய மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கட்சிப் பொறுப்பிலிருந்து இறக்கிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. எழுதியவனும் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது எனக்கு வினையாகப் போயிற்று.

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே ஜீப் ஓட்டிப் பிழைத்தவன் நான். பன்னிரண்டு வண்டிகள். எங்கள் ஸ்டாண்டில் இரண்டே சட்டங்கள். ஆள் நிறையாமல் வண்டி கிளம்பாது. முறை மாறி யாரும் வண்டி எடுக்கக் கூடாது. நாங்கள் சாமிக்குப் பயந்தோமோ இல்லையோ, இந்த இரண்டுக்கும் பயந்தோம். ஸ்டாண்டுக்குச் செயலாளர் என்ற முறையில் அந்தப் பயத்தைக் காப்பாற்றுவது என் வேலை. முறை தவறியவனை நான் வைகிற வசவில் மிளகுக்கொடி வாடிவிடும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

மலையில் கட்சி என்றாலும் நாங்கள்தான். கொடி கட்டுவது, போஸ்டர் ஒட்டுவது, கூட்டத்துக்கு ஆள் கொண்டுபோவது எல்லாம் எங்கள் ஜீப்புகள். எங்களுக்கு மேலே பொறுப்பில் இருந்தவரை ஊரே ரைட்டர் என்று கூப்பிடும். காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே கரை வேட்டி, கீழே அட்டைக்கடிக்குப் பயந்து எஸ்டேட் காலத்து ரப்பர் பூட்ஸ். அந்தக் கோலத்திலேயே மேடை ஏறுவார். சால்வை போட வந்தால், "ஊட்டுல பீரோ நெறஞ்சு போச்சுங்க, குளுருல நிக்கிற போலீஸ்காரருக்குப் போடுங்க" என்பார்.

தலையாட்டத் தெரியாத மனிதர். ஒரு மழைக்காலத்தில் எங்கள் ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஆட்சியில் இருப்பது நம் கட்சிதானே என்று பார்க்காமல், கட்சிக் கொடியையே குழிக்கு ஒன்றாக நட்டுவிட்டார். மாவட்டத்திலிருந்து போனில் கிழி கிழி என்று கிழித்தார்கள். "கொடியும் நம்முளுதுங்க, குழியும் நம்முளுதுங்க. ஒண்ண எடுத்தா இன்னொண்ணையும் எடுத்துப்புடறேன்" என்று போனை வைத்தார். ரோடு வந்தது. அவரைத் தோளில் தூக்காத குறைதான் நாங்கள். அந்தக் குழி எங்கள் வண்டி அச்சை முறித்துக்கொண்டிருந்ததால்தான் அவருடைய துணிச்சல் எங்களுக்குப் பிடித்திருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள். முறை என்னுடையது. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போக என் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். ரைட்டரும் இருந்தார். இன்னும் நான்கு பேர் சேர வேண்டும்.

"கெளப்புங்க தம்பி, கொழந்தைக்கு மேலு நெருப்பாட்டமிருக்குது" என்றார் அவர்.

"நாலு பேர் சேரட்டுமுங்க ரைட்டரே. சட்டம்னா சட்டந்தானுங்களே."

ஒரு மணி நேரம் போயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது, அதற்கு நான் இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் அடுத்த வாரம் ரைட்டர் சேலத்துக்குப் போய், மஞ்சக்குட்டைக்கு பஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். விடமாட்டார் அல்லவா, ஆறு மாதம் நடையாய் நடந்து பஸ்ஸைக் கொண்டுவந்துவிட்டார். காலை ஆறரைக்குக் கிளம்பி ஏற்காடு, அடிவாரம் வழியாக நேரே சேலம். சாயங்காலம் திரும்பி வரும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்பும்.

வரம் கொடுத்தவன் தலையிலேயே கை வைத்துவிட்டாரே என்று ஸ்டாண்டே கொதித்தது. கொதித்தவர்களில் முதல் ஆள் நான். அவர் கூட்டத்துக்கு ஜீப் கிடையாது என்றோம். அத்தோடு விட்டோமா? பஸ் காலியாக ஓடினால் டெப்போக்காரர்களே நிறுத்திவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, ஸ்டாண்டு வீடுகளிலிருந்து ஒரு ஈ காக்கைகூட அந்த பஸ்ஸில் ஏறக் கூடாது என்று முடிவெடுத்தோம். அதையும் என் நல்ல கையெழுத்தில்தான் எழுதி ஒட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் வாசலில் நிற்கிறாள். சேலத்தில் கல்லூரி இரண்டாம் வருடம். ஜீப் நிறைந்து, ஏற்காடு போய், அங்கே பஸ் பிடித்து, சேலம் சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். அப்பனே ஜீப் ஓட்டினாலும் அவளுக்காக முறை மாற்றி நான் ஒரு நாள் வண்டி எடுத்ததில்லை.

"அப்பா, அட்டெண்டன்ஸ் பத்தாதுங்கறாங்க. இன்னும் பத்து நாள் மொத கிளாஸ் தவறுச்சுன்னா பரிச்ச எழுத உடமாட்டாங்களாம்."

"பஸ்ஸுல ஏறக் கூடாது கண்ணு. நானே எழுதி ஒட்டியிருக்கறேன்."

"அப்ப அதையும் நீங்களே காலேஜுல வந்து சொல்லிப்போடுங்க."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் அவள் சாப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு நின்றாள். பைக்கை எடுத்தேன். ஊருக்குள் பஸ் ஏற்றினால்தானே தெரியும்? ஊரைத் தாண்டி பலாமரத்து வளைவில் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

பனி விலகாத நேரம். வளைவில் இறங்கிப் பார்த்தால், எனக்கு முன்பே மூன்று பைக்குகள். எங்கள் ஸ்டாண்டின் துணைச் செயலாளர் ஆஸ்பத்திரிக் காகிதப் பையோடு மனைவியைக் கூட்டி வந்திருக்கிறார். பஸ்ஸை நிறுத்தாமல் விடக் கூடாது என்று கூட்டத்தில் மேசையைத் தட்டியவர் அவர்.

"ஏனுங்க, இந்தப் பக்கம்?" என்றார்.

"சும்மா, காத்து வாங்கலாம்னுங்க."

"இந்தக் குளுருலயா?"

"ஆமாங்க. உங்களுக்குங்க?"

"எனக்கும் அதேதானுங்க."

பஸ் வந்தது. முதல் ஜன்னலோரம் ரைட்டர் உட்கார்ந்திருந்தார். காலிப் பஸ் என்று டெப்போவில் எழுதிவிடக் கூடாதே என்பதற்காக, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஏற்காடு வரைக்கும் டிக்கெட் வாங்கிப் போய் வருகிறார் என்று கண்டக்டர் பின்னால் சொன்னார். எங்கள் நான்கு பேரையும் அவர் பார்த்தார். பார்த்த கணமே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் வெறும் மண் மேடு, பார்க்க ஒன்றுமே கிடையாது. என் மகள் ஏறினாள்.

அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். பைக்குகள் நான்கு ஏழாயின, ஏழு பன்னிரண்டாயின. காற்று வாங்குவதற்கு வேறு இடமே கிடைக்காதது போல முழு ஸ்டாண்டும் அங்கே நிற்கும். வளைவு வந்ததும் ரைட்டர் மண் மேட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த மனுவையும் எழுதினோம் என்பதுதான் எங்கள் யோக்கியதை. ரைட்டர் கட்சிக்குப் பாடுபட்டவர்கள் வயிற்றில் அடிக்கிறார், அவரை மாற்ற வேண்டும் என்று மாவட்டத்துக்கு அனுப்பினோம். எழுத்துப் பிழை பார்த்துக் கொடு என்று மகளிடம் நீட்டினேன். "நீங்க எழுதினதுல எழுத்துப் பிழை இருக்காதுங்கப்பா" என்று வாங்காமலே உள்ளே போய்விட்டாள்.

ஏற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை. மாவட்டத்திலிருந்து வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பஸ் தேவையில்லை என்று ரைட்டர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், பொறுப்பில் தொடரலாம். பிறகு எங்களைப் பார்த்து, "அந்த பஸ்ல நம்ம ஆளுங்க யாராச்சும் போறாங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"ஒருத்தருமில்லீங்க" என்றேன்.

"நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று ரைட்டரிடம் கேட்டார் அவர். பன்னிரண்டு வீட்டையும் வரிசையாகச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். சொன்னால் அவர் பொறுப்பு தப்பும், எங்கள் மானம் போகும். ரைட்டர் எழுந்து என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ஏறுறவங்க ஏறுறாங்க. யாருன்னு நான் பாக்கறதில்லீங்க. பஸ் ஓடட்டும், பொறுப்ப எடுத்துக்குங்க" என்றார்.

முடிந்தது. பின்வரிசையில் ஒருவன் கைதட்ட ஆரம்பித்து, கூட யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டான். இருபது வருடம் கட்சிக்கு உழைத்தவர் மண்டபத்தைவிட்டுத் தனியாக வெளியே போனார். அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை.

மத்தியானம் ஏற்காட்டில் எங்கள் ஜீப்புகள் நிற்கும் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஊர் திரும்பும் சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. ரைட்டர் குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார். வரிசையில் முதல் வண்டி என்னுடையது. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஆளு சேரட்டுமுங்க தம்பி, அவசரமில்ல" என்றார்.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

"ஆளு சேரலீங்களே?"

"சேந்தாச்சுங்க ரைட்டரே."

பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி துணைச் செயலாளர் வந்து சாவியைப் பிடுங்க வேண்டும். அவர் வந்தார். குனிந்து, என் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

வழியில் அவர்தான் கேட்டார்.

"பொண்ணுக்கு அட்டெண்டன்ஸ் சரியாப் போச்சுங்களா தம்பி?"

"போச்சுங்க. பரிச்ச எழுதறாளுங்க."

"நொம்ப சந்தோசமுங்க" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு துளிக் குத்தல்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்று அவள் சேலத்தில் வேலை பார்க்கிறாள். அந்த பஸ் ஓடுகிறது. ஜீப்புகள் ஐந்தாகக் குறைந்துவிட்டன, அதுவும் உண்மை. நான் வண்டியை விற்றுவிட்டு அதே பஸ்ஸில்தான் மகளைப் பார்க்கப் போகிறேன். ஏறும்போதெல்லாம் மனதுக்குள் அந்த மனிதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

அன்றைக்கு ரைட்டரோடு போன என் ஜீப் பலாமரத்து வளைவுக்கு வந்தது. வளைவில் யாரும் இல்லை. பைக்கும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஆனால் ரைட்டர் பழக்கத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மண் மேட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"இந்தப் பக்கம் பாருங்க ரைட்டரே" என்றேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.