சுண்ணாம்புக் கோட்டில் ஓர் ஆஸ்பத்திரி

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்த நேரத்தில் நான் ஒரு கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கதவருகே வந்து நின்று, "சிஸ்டர், நமக்குப் புதுசா கட்டித் தர்றாங்களாம்" என்றார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. அதன் அம்மா, "நல்ல சேதி சொல்றப்ப அழுவுது பாருங்க" என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அப்போது நான் அங்கே செவிலியராகப் பதினான்கு வருடம் முடித்திருந்தேன். கோட்டுச்சேரியிலிருந்து காலையில் பஸ் ஏறி, காரைக்காலில் இறங்கி, தெற்கே போகும் பஸ் மாறி வருவேன். டாக்டரம்மா வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. புதுச்சேரிப் பெண், முப்பது வயதுக்குள். பேச்சும் நடையும் வேகம். பழைய கட்டடத்தின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து ஓ.பி. சீட்டு எழுதும் மேசையில் ஒரு நாள் விழுந்ததிலிருந்து அவர் கட்டடத்துக்காக மேலே எழுதிக்கொண்டே இருந்தார். இப்போது வரைபடமே வந்துவிட்டது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: ஊர் மக்களைக் கூட்டி, நிலையம் இனி எப்படி இருக்க வேண்டும் என்று கருத்துக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினோம். முப்பது நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் முன்னாள் பஞ்சாயத்து உறுப்பினர். இன்னொருவர் டீக்கடைக்காரர். அவரும் நாங்கள் சொல்லியிருந்த டீயைக் கொண்டு வந்தவர். மூன்றாமவர் முட்டி வலிக்கு வந்து, நாற்காலி வரிசையைப் பார்த்து இதுதான் க்யூ என்று நினைத்து உட்கார்ந்தவர். அரை மணி நேரம் கழித்து, "எனக்கு எப்பங்க கூப்புடுவீங்க?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

"மூணு பேர் கலந்துக்கிட்டாங்கன்னு எழுதறதா சிஸ்டர்?" என்று டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"புரட்டாசி மாசம், நடவு நேரம். பதினோரு மணிக்கு யாரு வருவா?" என்றேன். பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "எனக்குத் தெரியாத சனமா டாக்டர்? இவங்களுக்கு என்ன வேணும்னு நானே சொல்றேன், எழுதிக்குங்க."

சொன்னேன். ஊசி மருந்துக்குப் பெரிய குளிர்பெட்டி, பதிவேடு வைக்கப் பூட்டுப் போட்ட அலமாரி, ஊழியர்களுக்குத் தனிக் கழிவறை, வாசலில் கூட்டம் முண்டாமலிருக்கக் கம்பித் தடுப்பு. அவர் எல்லாவற்றையும் எழுதி, ஒரு முறை படித்துப் பார்த்து, "சிஸ்டர், இதெல்லாம் உங்களுக்கு வேணும்கிறது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் புறப்பட்டோம். நடவு முடிந்து வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் அதை விரித்துக் காட்டினோம். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓர் அம்மா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். பிறகு நேராகப் பிடித்தார். இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது. "கோழிக்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்குதுங்க. இதுல நான் எங்க நிப்பேன்?" என்றார்.

டாக்டரம்மா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அரசுப் பள்ளி மைதானத்தைத் தாண்டும்போது நின்றுவிட்டார். விளையாட்டு விழாவுக்காக விளையாட்டு வாத்தியார் ஓடுதளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி போட்டுத் தருவீங்களா?"

வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உற்சாகம் தாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நிலையத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில், வரைபடத்தில் உள்ளபடியே, முழு அளவில், கோடு போட்டார். டேப்பின் ஒரு முனை அவர் கையில், மறு முனை என் கையில். பழக்க தோஷம், பிரசவ அறைக்கு நடுவிலும் ஒரு கோடு இழுத்துவிட்டார். "சார், இது கபடிக் களம் இல்ல" என்று சொல்லி அழிக்க வைத்தேன்.

வேடிக்கை பார்க்க ஊரே வந்துவிட்டது. டாக்டரம்மா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறைக் கட்டத்துக்குள் போட்டு உட்கார்ந்தார். "நான் டாக்டர் ரூம்ல இருக்கேன். நீங்க உடம்பு சரியில்லாம வந்தா எப்படி வருவீங்களோ அப்படி வாங்க."

யாரும் நகரவில்லை. ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கருக்களாச்சேரியிலிருந்து தினமும் மீன் கொண்டு வந்து விற்கும் அம்மாதான் முதலில் வந்தார். விற்றது போக மிச்ச மீனோடு கூடை தலையில் இருந்தது. சுண்ணாம்பு வாசலில் நின்றார்.

"கூடைய எங்கங்க வைக்கிறது?"

"வெளியிலயே வச்சுட்டு வாங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

"வெளியில வச்சா, பூனை என்னா விரதமா இருக்கும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தலைச்சுற்றல் வந்து இரண்டு வருடம் ஆகிறது, கூடையோடு உள்ளே விடமாட்டார்கள், வெளியே வைத்துவிட்டு வர முடியாது, அதனால் மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றார். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, வாத்தியாரிடம் சொல்லி, க்யூவில் உட்கார்ந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி சன்னலுக்கு வெளியே ஒரு மேடை வரைய வைத்தார். அங்கேயே அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் பார்த்தோம். எக்கச்சக்கமாக இருந்தது. புதுக் கட்டடத்தின் முதல் நோயாளி அவர்தான், சுவரே எழும்பாத காலத்தில்.

அதன் பிறகு எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. ஏழு மாத கர்ப்பிணி ஒருத்தி பரிசோதனை அறைக் கட்டத்துக்குள் போய் நின்று, கதவுக்கு விட்டிருந்த இடைவெளியைப் பார்த்தாள். நேர் எதிரே ஆண்கள் க்யூ.

"டாக்டர், இந்தக் கதவு தெறந்தா எங்க மாமனார் மூஞ்சியிலல்ல முழிக்கணும்?"

மாமனார் உண்மையாகவே அந்த வரிசையில்தான் நின்றிருந்தார். இரண்டு பேருக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். கதவை வேறு பக்கத்துக்கு மாற்றினோம்.

அந்த மனையில் ஆடு மேய்க்கும் பெண்மணி ஒருவர், மருந்துக் கிடங்குக் கட்டத்தைக் காலால் தட்டி, "இது ஆவாதுங்க. மழை வந்தா இந்த மூலையிலதான் தண்ணி நிக்கும்" என்றார். டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாக டாக்டரம்மா கேட்டார். "ஆஸ்பத்திரி இவ்ளோ கிட்ட இருந்தும் பாதிப் பேரு பஸ் ஏறி காரைக்காலுக்கே போறீங்களே, ஏன்?"

 கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் என்னிடமே தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்ணின் குரல்.

"கட்டடம் நல்லாத்தாங்க வரும். ஆனா உள்ள அதே நர்ஸம்மாதான இருப்பாங்க? சீட்ட மறந்துட்டு வந்தா திட்டுறாங்க. மாத்திரைய விட்டுட்டா திட்டுறாங்க. மூணாவது புள்ளைன்னா அதுக்குத் தனியா திட்டுறாங்க."

நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால், டேப்பின் முனையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. என்னை அறியாமல் டேப்பை விட்டுவிட்டேன். அது சர்ரென்று சுருண்டு ஓடி வாத்தியார் கையில் போய் அடித்தது. அவர் "ஆ" என்றார். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். பாவம், முகம் வெளிறிவிட்டது.

வீட்டுக்குப் போகிற பஸ் முழுக்க மனத்துக்குள் வாதாடிக்கொண்டே போனேன். திட்டாமல் விட்டால் யார் மாத்திரை போடுகிறார்கள்? யாருடைய நன்மைக்குத் திட்டுகிறேன்? வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, "நான் அப்படியா திட்டறேன்?" என்று கேட்டேன். அவர் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். அடுப்பில் பால் இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"ஏதோ வாய் தவறிடுச்சுங்க, மனசுல வச்சுக்காதீங்க."

"வாய் தவறல. உள்ளதத்தான் சொன்னீங்க. சீட்டு மறந்துட்டு ஒருத்தங்க வந்தா நான் என்ன செய்யணும்? அதையும் நீங்களே சொல்லுங்க."

அவர் உண்மையாகவே யோசித்தார். "வேற சீட்டு குடுங்க. வைத்தியம் பாருங்க. அதுக்கப்பறம் திட்டுங்க."

"திட்டலாமா?"

"திட்டுங்க, வேணாம்னு சொல்லல. நீங்க சொன்னாதான் மாத்திரை ஞாவகம் வருது. ஆனா எடுத்த எடுப்புல திட்டிட்டா, என்ன நோவுன்னு சொல்ல வந்தமோ அதே மறந்துபோவுதுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பதினான்கு வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாக என் வேலையைச் சொல்லித் தந்ததில்லை. அந்த வாரமே, தெருவுக்கு ஒரு பெட்டி என்று வைத்து, எல்லோருடைய சீட்டையும் நிலையத்திலேயே வாங்கி அடுக்கினேன். வீட்டில் இருந்தால்தானே மறப்பார்கள்.

வரைபடம் போட்ட இன்ஜினியர் வந்தார். மீன்கூடை மேடையை ஒத்துக்கொண்டார். கதவை மாற்றவும் ஒத்துக்கொண்டார். ஆட்டுக்கார அம்மா சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"லெவல் எல்லாம் எடுத்துப் பார்த்தாச்சும்மா."

"நீங்க கோடையில எடுத்தீங்க. என் ஆடு ஐப்பசியில எடுக்கும், பாருங்க" என்றார் அவர்.

ஐப்பசியும் வந்தது. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் நான் வந்தபோது சுண்ணாம்புக் கோடெல்லாம் போய், மூலைக்கு அடித்திருந்த முளைக்குச்சிகள் மட்டும் தெரிந்தன. மருந்துக் கிடங்கின் நாலு குச்சிக்கும் நடுவே குளம் கட்டி நின்றது தண்ணீர். டாக்டரம்மா செல்போனில் படம் எடுத்து அனுப்பினார். மத்தியானமே இன்ஜினியர் வந்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் வரை வந்தது. அங்கேயே நின்று சுற்றிலும் பார்த்தார்.

"சரி, ஆடு எங்கங்க நிக்குது?"

ஆடெல்லாம் கழிவறைக்கென்று குறித்திருந்த மேட்டில் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. "அப்ப மருந்து அங்க போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். கட்டடத்தின் தரைமட்டத்தையும் இரண்டு அடி உயர்த்தச் சொல்லி எழுதினார். அவரைப் பற்றி அதன் பிறகு ஊரில் ஒருவர்கூடக் குறையாகப் பேசவில்லை. தப்பென்றதும் தண்ணீரில் இறங்கிப் பார்த்த அதிகாரி என்று அவருக்குத் தனி மரியாதை.

கட்டடம் போன வருடம் முடிந்தது. எல்லாமே நாங்கள் நினைத்தபடி அமைந்துவிடவில்லை. மீன்கூடை மேடையில் காலை வேளையில் ஆண்கள் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள், அந்த அம்மா வந்து அதட்டினால்தான் எழுந்திருக்கிறார்கள். அவருடைய ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, குரல் இறங்கவில்லை. நடவுப் பெண்கள் கேட்டதற்காகச் செவ்வாய், வெள்ளியில் சாயங்கால ஓ.பி. வைத்தோம். முதல் செவ்வாய்க்கிழமை இருந்த கூட்டத்தைப் பார்த்து டாக்டரம்மாவே பயந்துவிட்டார். நானும் திட்டுகிறேன், ஆனால் சீட்டும் மருந்தும் கொடுத்த பிறகு. சில பேர் மருந்தை வாங்கிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்று சிரித்தபடி நிற்கிறார்கள். அப்படி நிற்பவர்களை எப்படித் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கருத்துக் கேட்பு ஒரு நாளோடு முடிகிற விஷயமில்லை என்று ஊர்க்காரர்களே தீர்மானித்துவிட்டார்கள். மாதம் ஒரு முறை, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுகிறோம். இப்போது நாற்காலி பற்றவில்லை. போன மாதம் குடிதண்ணீர்க் குழாயை எந்த உயரத்தில் வைப்பது என்று ஒரு மணி நேரம் சண்டை. பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு கட்சி. இரண்டு உயரத்தில் இரண்டு குழாய் என்று முடிவாயிற்று. எழுந்து கிளம்பும் நேரத்தில் ஆட்டுக்கார அம்மா, தண்ணீர் வழிந்து எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டார். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தோம். நான் வழக்கமாகப் போகும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனது. அடுத்த பஸ் இருக்கிறது என்று நானும் என் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.