யொரிஸும் பெயர் சொல்லாத பதினொருவரும்

ஒஸ்லோ ரயிலில் இருவர் இருக்கக்கூடிய இருக்கையில் ஒருவர் இருந்துவிட்டால், அந்த இருக்கை நிரம்பிவிட்டது என்று அர்த்தம். மற்றவர்கள் கடைசித் தரிப்பான மோர்டென்ஸ்ருட் வரை நின்றுகொண்டே வருவார்கள். ஊரில் மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு, ஆறாவது ஆளின் பையையும் மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும் உங்களுக்கு இது விளங்காது. வந்த புதிதில் நான் என் சட்டையை முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. அப்படிப் பழகியிருந்த ஒரு மாலையில், பாதி காலியாக இருந்த பெட்டியில் நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் நேரே வந்து என் பக்கத்தில் இருந்தார். என் காலடியில் கிடந்த பந்துப் பையைப் பார்த்தார். "உங்கள் அணி விளையாடுவதைப் பார்த்தேன். மிக மோசம்," என்றார். இவர் நோர்வேக்காரர் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

யொரிஸ் ஒல்லாந்துக்காரர். இருபது வயதில் அங்கே பெரிய அணியொன்றில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். ஒருநாள் தோற்றுவிட்டு வந்த அறையில், "ஆளை மாற்றியது உன் பிழை," என்று பயிற்சியாளரைப் பெயர் சொல்லிச் சொல்லிவிட்டார். அடுத்த பருவம் சின்ன அணி. அங்கேயும் வாய் சும்மா இருக்கவில்லை. பிறகு முழங்கால் போனது. நோர்வேக்கு வந்து பயிற்சியாளரானார். பேர்கன் நகரில் ஒரு கழகத் தலைவரிடம், "உங்கள் மகனுக்கு உதைபந்தாட்டம் சரிவராது, வேறு ஏதாவது பழக்குங்கள்," என்றிருக்கிறார். அதோடு அந்த வேலையும் போனது. நான் சந்தித்தபோது ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் பள்ளிக்கூடமொன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். எந்தக் கழகமும் அவரைக் கூப்பிடவில்லை.

எங்கள் தமிழ்க் கழகம் கூப்பிட்டது. கடைசிப் பிரிவில் நாங்கள் கடைசிக்கு முதலிடம். பருவம் முடிவதற்குள் இன்னும் ஒரு இடம் இறங்கினால் கழகத்தைக் கலைக்க வேண்டியதுதான். "ஒல்லாந்தன் கட்டின கோட்டை யாழ்ப்பாணத்தில இண்டைக்கும் நிக்குது. எங்கட தடுப்பையும் அவனே கட்டட்டும்," என்றார் தலைவர். கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

முதல் நாள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு யொரிஸ் விசில் ஊதினார். "எல்லோரும் ஏன் அந்தக் கிழவருக்கே பந்தைக் கொடுக்கிறீர்கள்?"

கிழவர் என்றது எங்கள் கப்டன் குணசீலனை. நாற்பத்தாறு வயது, கழகத்தைத் தொடங்கியவர், என் அக்காவின் கணவர். குணா அண்ணை கையைத் தூக்கினால் இங்கே பிறந்த பிள்ளைகளும் பந்தை அவருக்கே கொடுத்துவிடுவார்கள். எதிரி பின்னால் ஓடிவந்தால், "அண்ணை, பின்னால ஆள் வருது, கொஞ்சம் பாருங்கோ அண்ணை," என்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் பந்து போயிருக்கும்.

"களத்தில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பெயர் மட்டும்தான். கத்துங்கள்!" என்றார் யொரிஸ். பதினொரு பேரும் நிலத்தைப் பார்த்தோம். பிறகு ஒரு பொடியன் பணிவாக, "சரி, யொரிஸ் அண்ணை," என்றான்.

அத்தானை முன்னால் ஓடவிடாமல் தடுப்பில் நிறுத்தினார். அதாவது கோல்கீப்பரான எனக்கு நேர் முன்னால். "உனக்குத்தான் முழுக்களமும் தெரியும். நீ கத்தாவிட்டால் யாரும் கத்தமாட்டார்கள்," என்றார். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அத்தான். இரண்டு வருடம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். அவர் பெயரை அக்காவே சொல்லமாட்டாள். ஒருமுறை வரி அலுவலகத்தில் கணவர் பெயரைக் கேட்டபோது, அவள் என் பக்கம் திரும்பினாள். அங்கிருந்த பெண்மணி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கடைசி மட்ச். சமன் செய்தால் தப்பிவிடுவோம். ஒன்றுக்கு ஒன்று நின்றது. கடைசி நிமிடத்தில் பந்து உயரமாக உள்ளே வந்தது, என் கைக்கு வரவேண்டிய பந்து. அத்தானோ அதையே அண்ணாந்து பார்த்தபடி பின்னால் பின்னால் வந்தார். தலையால் தட்டினால் எங்கள் கோலுக்குள்தான் போகும். "அத்தான், நான் எடுக்கிறன், நீங்கள் கொஞ்சம் விலகுங்கோ" என்று சொல்ல நேரமில்லை.

"குணசீலன்! விடடா!"

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். பந்து என் கைக்குள் வந்து விழுந்தது. விசில் ஒலித்தது.

யொரிஸ் ஓடிவந்து என்னைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது. "வாயைத் திறந்ததால் நல்லது நடந்ததை வாழ்க்கையில் இன்றுதான் பார்க்கிறேன்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே நேரம் வெட்கத்தில் செத்துவிடலாம் போலவும் இருந்தது. அத்தான் உடுப்பு மாற்றாமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

பின்னேரம் அக்காவின் தொலைபேசி. "டேய், அவரை 'விடடா' எண்டனியாமே?"

"மட்ச் அக்கா, அவசரத்தில..."

"மட்ச் முடிஞ்சுது. அவர் இன்னும் சாப்பிடேல்லை."

யொரிஸிடம் சொன்னேன். "அவரல்லவா உனக்கு நன்றி சொல்ல வேண்டும்?" என்று உண்மையாகவே குழம்பிப்போனார். கழகம் அவரை அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொண்டது. எனக்கு அக்கா வீட்டில் அந்த உத்தரவாதம் இல்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டு மணியை அடித்தேன். அத்தான்தான் திறந்தார். குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்: "ஆரப்பா வந்திருக்கிறது?"

அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"கீப்பர் வந்திருக்கிறார்."

அக்கா சிரிப்பது கேட்டது. அவர் சிரிக்கவில்லை, கதவைச் சாத்தவுமில்லை. நான் மற்றச் சப்பாத்தைக் கழற்றுவதா, கழற்றியதைத் திரும்பப் போடுவதா என்று தெரியாமல் ஒற்றைக்காலில் நின்றேன்.